கிட்டியும் மரப்பெட்டியும்

எங்கள் அடுக்ககத்தில் எதிர் வீட்டுக்காரர்கள் நேற்று மாலை தேங்காய்ச் சில்லை அடுப்புத் தீயில் காட்டியிருக்கிறார்கள். துவையலுக்கோ, வறுத்தரைத்த குழம்புக்கோ தெரியவில்லை. எண்ணெய் கசிந்து ஓரம் கருகும் அந்த வாசனை மாடிப்படி முழுக்க நின்றது. எனக்கு அது சமையல் வாசனையாகத் தோன்றவில்லை. எங்கள் அப்பாயி எலிப்பொறிக்குத் தீனி தயார் செய்கிற வாசனை அது.

மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். நாட்டு ஓடு போட்ட வீடு. கூடத்தை ஒட்டிய உள்ளறையில் ஆள் உயரத்துக்குப் பத்தாயம் நிற்கும். சம்பா அறுவடை முடிந்து நெல் வீட்டுக்கு வந்துசேர்ந்ததும் ராத்திரி ஓட்டுக்கடியில் ஓட்டம் தொடங்கிவிடும். பாயில் படுத்தபடி அந்தச் சத்தத்தைக் கேட்டே, ஓடுவது சுண்டெலியா பெரிய எலியா என்று அப்பாயி சொல்லிவிடுவார். சுண்டெலி என்றால் சரசரவென்று போகும். பெரியது என்றால் விட்டத்திலிருந்து தொப்பென்று பரணில் குதிக்கும்.

தீனி வைப்பதற்கு ஒரு முறை இருந்தது. தேங்காய்ச் சில்லை விறகடுப்புத் தணலில் சுட்டு, சூடு ஆறுவதற்குள் வாழை நாரில் முடிந்து பொறிக்குள் இருக்கும் கொக்கியில் மாட்ட வேண்டும். கொக்கியில் வெறுமனே குத்தி வைத்தால் எலி நோகாமல் உருவிக்கொண்டு போய்விடும். நாரில் முடிந்திருந்தால் இழுத்துத்தான் ஆகவேண்டும். இழுத்தால் கதவு விழும். சில்லைக் கையால் தொடாமல் வாழையிலைக் கிழிசலில் பிடித்துக் கட்டுவார் அப்பாயி. மனித வாடை இருந்தால் எலி கிட்டே வராது என்பது அவர் கணக்கு. வீட்டில் அசைவம் சமைத்த நாளாக இருந்தால் தேங்காய்க்குப் பதில் நெத்திலிக் கருவாடு. அந்த வாசனைக்கு எலிக்கு முன்னால் பூனை வந்துவிடும் என்பதால் கருவாடு வைத்த ராத்திரியில் உள்ளறைக் கதவைச் சாத்தி வைப்பார்.

பொறி, எங்கள் தெரு ஆசாரி செய்து கொடுத்த மரப்பெட்டி. முழங்கை நீளம் இருக்கும். ஒரு பக்கம் கம்பிவலை. மறுபக்கம் மேலிருந்து விழும் பலகைக் கதவு. பெட்டியின் மேல் ஒரு நெம்புகட்டை கிடக்கும். அதன் ஒரு முனை கதவைத் தூக்கிப் பிடித்திருக்கும், மறுமுனை உள்ளிருக்கும் கொக்கியில் நூலளவுக்குத் தொட்டுக்கொண்டு நிற்கும். அந்தத் தொடுதலைச் சரியாக அமைப்பதில்தான் வித்தை இருக்கிறது. அழுத்தமாக மாட்டினால் எலி தின்றுவிட்டுப் போகும், கதவு விழாது. லேசாக மாட்டினால் பல்லி ஓடினாலே விழுந்துவிடும். அப்பாயி கொக்கியை மாட்டிவிட்டுப் பெட்டியின் மேல் விரல்நுனியால் ஒரு தட்டு தட்டுவார். அதற்குக் கதவு விழக்கூடாது. ஈர்க்குச்சியை உள்ளே விட்டுச் சில்லைச் சுண்டினால் விழ வேண்டும். இரண்டும் சரியாக வந்தால்தான் பொறி பத்தாயத்துக்கடியில் போகும்.

எங்கே வைப்பது என்பதற்குச் சுவரைப் பார்க்கச் சொல்வார். சுண்ணாம்பு அடித்த சுவரில், தரையிலிருந்து இரண்டு விரல்கடை உயரத்தில், அழுக்குத் துணியால் இழுத்ததுபோல் மங்கலாக ஒரு கோடு போகும். எலி எப்போதும் சுவரை உரசிக்கொண்டேதான் ஓடும். அதன் உடம்பு எண்ணெய்ப் பிசுக்குப் பட்டுப் பட்டுப் படிந்த கறை அது. அந்தக் கோட்டின் மேல் பொறியின் வாய் இருக்க வேண்டும். "நடு வீட்டுல வச்சா அது எதுக்குடா வரும்? அது போற வழியில நீ போய் நில்லு" என்பார். புதுப் பொருள் எதைக் கண்டாலும் எலி சில நாள் ஒதுங்கிப் போகும் என்பதும் அவருக்குத் தெரியும். அதனால் முதல் இரண்டு ராத்திரி கதவைத் திறந்தபடியே கட்டிவைத்து, உள்ளே தீனி மட்டும் போடுவார். எலி வந்து தின்றுவிட்டுப் போகும். மூன்றாம் ராத்திரிதான் கொக்கி. பூச்சி ஒழிப்பு பற்றிய புத்தகங்களில் இதே முறையை நான் படித்தது வெகுகாலம் கழித்து. அப்பாயி எழுத்துக் கூட்டிப் படிக்கவும் தெரியாதவர். பார்த்துப் பார்த்தே தெரிந்துகொண்டவர்.

பொறி வைக்கும் அன்று வீட்டில் யாரும் எலி என்ற பேச்சையே எடுக்கக்கூடாது. அதன் காதில் விழுந்துவிடுமாம். "உள்ளறையில வச்சாச்சா?" என்று தாத்தா கேட்பார். "வச்சாச்சு" என்பார் அப்பாயி. அவ்வளவுதான் பேச்சு. பிள்ளைகளும் அன்று குரலைத் தாழ்த்தித்தான் பேசுவோம்.

சுண்டெலிக்கு இந்தப் பெட்டி சரிப்படாது. அதன் எடைக்குக் கொக்கி அசையவே செய்யாது. அதற்கென்று ஒரு பித்தளைத் தவலை. கழுத்து வளைந்து உள்பக்கம் வழுவழுவென்று இருக்கும் தவலையில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றி, மேலே தவிட்டோடு உமியைக் கலந்து தூவிவிடுவார். உமி மிதந்து, தவலைக்குள் தவிடு கொட்டி வைத்திருப்பதுபோலவே தெரியும். பக்கத்தில் முறத்தைச் சாய்த்து வைத்தால் சுண்டெலி அதன்மேல் ஏறி உள்ளே குதிக்கும். சிலர் தவலை வாயில் ஒரு குச்சியைக் குறுக்கே போட்டு, அதில் காய்ந்த கொட்டாங்குச்சியைக் கோத்துவிடுவார்கள். கொட்டாங்குச்சிமேல் தேங்காய்த் துருவலைத் தடவியிருக்கும். சுண்டெலி குச்சிமேல் நடந்துபோய் அதில் கால் வைத்ததும் கொட்டாங்குச்சி உருளும், சுண்டெலி தண்ணீரில் விழும். அடுத்த சுண்டெலிக்குப் பொறி தானாகவே தயாராக இருக்கும் என்பது இதில் உள்ள வசதி. சுண்டெலி மூன்று வாரத்தில் குட்டி போடும். ஒன்றைப் பிடித்து ஓய்ந்தால் ஐந்தாறு வந்து நிற்கும். அதனால் தவலையை ஒரு நாளோடு எடுக்கக்கூடாது என்பார்.

காலையில் பெட்டியைப் பார்ப்பது தாத்தாவின் வேலை. கதவு விழுந்திருந்தால் சாக்கை வாயில் பிடித்து உள்ளே இருப்பதைத் தட்டி இறக்குவார். கொல்லைக் கோடியில் கொண்டுபோய் முடிப்பார். அதை நாங்கள் பார்க்கக்கூடாது என்று அவர் சொன்னதில்லை, வந்து பாருங்கள் என்று கூப்பிட்டதும் இல்லை. முடித்ததும் கிணற்றடியில் குளித்துவிட்டுத்தான் காப்பி குடிப்பார். பெட்டியை அப்பாயி கொதிக்கும் தண்ணீர் ஊற்றிக் கழுவி வெயிலில் காயவைப்பார். முன்னால் மாட்டியதன் வாடை இருந்தால் அடுத்தது வராது என்பார். ஒரு உயிரை எடுக்கிறோம் என்பதை இருவரும் அறிந்து செய்தார்கள். அந்த வீட்டில் நான் கற்றுக்கொண்டவற்றில் இதையே பெரிதாக நினைக்கிறேன்.

சில காலைகளில் உள்ளே மூஞ்சூறு இருக்கும். நீண்ட மூக்கும் சின்னக் கண்ணுமாகக் கீச்கீச் என்று கத்தும். பக்கத்தில் போனால் வாடை குப்பென்று அடிக்கும். "பிள்ளையார் வாகனம்டா, தொறந்து வுடு" என்பார் அப்பாயி. பெட்டியைத் தோட்டத்துப் பக்கம் எடுத்துப்போய்க் கதவைத் தூக்கினால் வேலியோரமாகவே ஓடி மறையும். சாமிக்காக விட்டோம் என்றே அப்போது நினைத்தேன். மூஞ்சூறு எலி இனமே அல்ல என்பது பின்னால்தான் தெரிந்தது. கரப்பான், சிள்வண்டு, மண்புழு என்று பூச்சி புழுவைத் தின்று வாழ்வது. அதைக் கொன்றால் வீட்டுக்குத்தான் நட்டம். அப்பாயியின் பக்தி சரியான இடத்தில்தான் நின்றிருக்கிறது.

வைக்கோல் போர் அடியில் குடியிருந்த பெருச்சாளிக்கு மரப்பெட்டி போதாது. அதற்குத் தெருப் பையன்கள் கல்பொறி வைப்போம். அகலமான கருங்கல் பலகையை ஒரு பக்கம் தூக்கி, ஒன்றோடொன்று முட்டுக்கொடுத்த குச்சிகளில் நிறுத்தி, உள்குச்சியின் நுனியில் கருவாட்டைக் கட்டிவைப்போம். கருவாட்டைத் தொட்டால் முட்டு நழுவும், கல் விழும். பின்னாளில் நற்றிணை படித்தபோது, தினைப்புனத்துக்கு வரும் பன்றிக்காகப் புனவன் வைத்த பெருங்கல் அடாரில் புலி சிக்கிக்கொண்ட செய்தியைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வைக்கோல் போரடியில் நாங்கள் குச்சி சீவி நிறுத்தியதும் அதே பொறிதான். யார் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று யோசித்தால் பெரிய பையன்கள். அவர்களுக்கு அவர்களைவிடப் பெரியவர்கள்.

வயல் எலி முழுக்க வேறு சங்கதி. அதற்குக் கிட்டிக்காரர் வரவேண்டும்.

நடவு முடிந்து பயிர் தூர் கட்டுகிற பருவத்தில், தோளில் ஒரு கட்டு மூங்கில் கிட்டிகளைத் தொங்கவிட்டுக்கொண்டு சாயங்காலமாக வருவார். மெலிந்த மனிதர், இடுப்பில் ஒரு சுருக்குப் பை. அதில் பொரித்த நெல் இருக்கும். "அய்யா, கீழக்காட்டுல மேய்ச்சல் விழுந்துருக்கு" என்று தாத்தாவிடம் சொல்லிவிட்டு நேராக வரப்பில் இறங்கிவிடுவார். நான் பின்னாலேயே போவேன்.

தஞ்சாவூர்க் கிட்டி என்று வேளாண்மைக்காரர்கள் இன்றும் பெயர் சொல்லிப் பரிந்துரைக்கும் பொறி அது. இரும்பு கிடையாது. மூங்கிலைப் பட்டையாகப் பிளந்து, சீவி, வில்லாக வளைத்து, கயிறு கட்டியிருக்கும். வளைந்த மூங்கில் நிமிர்ந்துகொள்ளத் துடிக்கும். அந்த வேகத்தைச் சுண்டுவிரல் பருமனே உள்ள ஒரு குச்சி பிடித்து நிறுத்தியிருக்கும். குச்சியை ஒட்டித்தான் தீனி. எலி தலையை நுழைத்துத் தீனியை இழுத்ததும் குச்சி நழுவும், வில் நிமிரும், கயிறு கழுத்தை இறுக்கும். துடிக்க நேரம் இருக்காது. அவர் ஒவ்வொரு கிட்டியையும் வைக்கும்முன் காதருகே கொண்டுபோய் நாணைச் சுண்டிப் பார்ப்பார். தளர்ந்த சத்தம் வந்தால் ஒதுக்கிவிடுவார். நனைந்து நனைந்து மூங்கில் உயிரை விட்டிருக்கும். வயலில் தண்ணீர் நின்றால் குச்சி நட்டு, தண்ணீருக்கு மேலே நிற்கும்படி கிட்டியைக் கட்டுவார்.

எங்கே வைப்பது என்பதை அவர் பயிரைப் பார்த்துத் தெரிந்துகொள்வார். எலி வெட்டிய தூர் கத்தியால் சாய்வாகச் சீவியதுபோல் இருக்கும். வரப்பில் எத்தனையோ பொந்துகள் கிடக்கும். எது எலியுடையது, எது நண்டுடையது என்று எனக்குச் சொல்லித் தந்தார். "நண்டு வளையில ஈரமா, உருண்டை உருண்டையா மண்ணு இருக்கும் தம்பி. எலி வளை வாயில புது மண்ணு பொலபொலன்னு குமிஞ்சு கெடக்கும். குமிச்சல் காஞ்சிருந்தா ஆளு இல்ல." வரப்பை அகலமாகப் போடுகிற மிராசுகளை அவருக்குப் பிடிக்காது. அகல வரப்பு எலிக்கு மாடி வீடு கட்டிக் கொடுத்தது மாதிரி என்பார். எங்கள் தாத்தா அடுத்த கோடையில் வரப்புகளைச் செதுக்கி ஒடுக்கினார். அதற்குக் கூலி கொடுத்தபோதும், யோசனை சொன்னவர் யார் என்பதை மற்றவர்களிடம் சொல்லியே கொடுத்தார். அது எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது.

விடியும்முன் வந்து கிட்டிகளை எடுப்பார். வாலை எண்ணித்தான் கூலி. வயல் நெல்லைத் தின்று வளர்ந்த எலி என்பதால் அன்று அவர் வீட்டில் கறி. ஊரில் அதைச் சொல்லி முகம் சுளித்தவர்கள் உண்டு. அவர் வராவிட்டால் ஒவ்வொரு எலியும் கதிரை வெட்டி வெட்டி வளைக்குள் சேர்த்துக்கொண்டிருக்கும் என்பதை முகம் சுளித்தவர்கள் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. அறுவடைக்குப் பின் வளையைத் தோண்டியவர்கள் கதிர்களைக் கட்டுக்கட்டாக எடுத்து வருவதை நானே பார்த்திருக்கிறேன். நுனியை ஒரே பக்கமாக வைத்து அடுக்கியிருக்கும்.

வேலைக்காகச் செங்கல்பட்டுப் பக்கம் இருந்த காலத்தில் இருளர்கள் எலி பிடிப்பதைப் பார்க்க வாய்த்தது. அங்கே பொறியே கிடையாது. ஒரு மண்பானை. அடியில் ஓட்டை. உள்ளே வைக்கோலைத் திணித்துத் தீ வைத்து, பானை வாயை வளை வாயில் பொருத்தி, ஓட்டையில் வாய் வைத்து ஊதுவார்கள். புகை வளைக்குள் போகும். மற்ற வாசல்களை முன்பே மண் போட்டு அடைத்திருப்பார்கள். ஊதிய அம்மாவின் உதடும் விரல்களும் சுட்டுக் கருத்திருந்தன. இருமிக்கொண்டே ஊதினார். கண்ணில் நீர் வழிய நிமிர்ந்து, "இன்னும் ஒண்ணு இருக்குது சாமி, சின்ன வாசல்" என்று பத்தடி தள்ளி வரப்பின் மறுபக்கத்தைக் காட்டினார். அங்கே புல்லைத் தவிர எனக்கு எதுவும் தெரியவில்லை. புல்லை விலக்கினால் பொந்து இருந்தது. கைப்பிடியைச் சுற்றினால் புகையை ஊதும் இரும்புக் கருவி ஒன்று இவர்களுக்காகச் செய்யப்பட்டு, அதற்கு 2003இல் உலக வங்கியின் போட்டியில் நிதியும் கிடைத்தது. அந்த அம்மாவின் உதட்டைப் பார்த்தவன் என்பதால் அந்தச் செய்தி எனக்கு வெறும் செய்தியாக இருக்கவில்லை.

எலியை விட்டு வண்டுக்கு வருகிறேன். தென்னந்தோப்புக்குத் தாத்தா வைத்த பொறியைச் சொல்லாமல் விட மனமில்லை. குருத்தில் துளைத்துப் போகும் காண்டாமிருக வண்டை, மரமேறி கொக்கி விட்டு இழுத்து எடுப்பார். விரிந்த மட்டையில் கத்தரிக்கோலால் முக்கோணமாக வெட்டியதுபோல் தெரிந்தால் வண்டு வந்து போயிருக்கிறது என்று பொருள். ஏறி எடுப்பது மட்டும் போதாமல், அகல வாய்ப் பானையில் ஆமணக்குப் புண்ணாக்கைத் தண்ணீரில் கரைத்து மரங்களுக்கு நடுவில் புதைத்து வைப்பார் தாத்தா. நான்கைந்து நாளில் புளித்து நாறும். அந்த நாற்றத்துக்கு வண்டு பறந்து வந்து விழும். காலையில் பானையில் கரிய தோட்டா போல மிதக்கும் வண்டுகளைக் கோழிகள் வந்து கொத்திப் போகும். 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் பக்கத்துத் தென்னைகளைச் சாய்த்துப் போட்டது. விழுந்த மரங்கள் அப்புறப்படுத்த ஆளில்லாமல் தோப்பிலேயே மக்கின. மக்கிய மரம்தான் இந்த வண்டு முட்டையிடும் இடம். தப்பி நின்ற மரங்களுக்கும் புதுக் கன்றுகளுக்கும் வண்டு வந்தபோது, என் சித்தப்பா மகன் யாரும் சொல்லாமலே பானை வாங்கிப் புதைத்தான். புண்ணாக்குக் கடைக்காரருக்கே ஆமணக்குப் புண்ணாக்கை இதற்குக் கேட்கிறார்கள் என்பது மறந்துபோயிருந்ததாம்.

இப்போது நகரத்தில் எலி வந்தால் கடைக்குப் போகிறோம். பசை அட்டையை வாங்கி வைக்கிறோம். அதில் ஒட்டிய எலி ராத்திரி முழுக்கக் கத்தி, தோலைக் கிழித்துக்கொண்டு, சாகாமல் கிடக்கும். காலையில் யாரும் அதைத் தொடுவதில்லை. அட்டையை அப்படியே மடித்துக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். தாத்தா குளித்துவிட்டுக் காப்பி குடித்ததை நினைத்தால் எனக்கு இது தாங்கவில்லை. விஷமும் அப்படித்தான். தின்ற எலி எங்கே போய் விழுகிறது என்று வைத்தவருக்குத் தெரியாது. அதைத் தூக்கிப் போன பூனைக்கும் கூகைக்கும் அந்த விஷம் போகிறது. வயலில் தென்னை மட்டையைத் தலைகீழாக நட்டுக் கூகை வந்து உட்கார இடம் செய்துகொடுத்த ஊரிலேயே, அதே வரப்பில் விஷ உருண்டையும் வைக்கிறார்கள். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட் எத்தனை குடும்பங்களில் இழவு கொட்டியது என்பதை மருத்துவமனைகள் அறியும். தமிழக அரசு அதைத் தடை செய்தது மிகவும் சரியான காரியம். முன்பே செய்திருக்க வேண்டும்.

கிட்டியும் மரப்பெட்டியும் தவலையும் வைத்தவர்கள், எலி எந்த வழியாக வரும், எதற்குப் பயப்படும், எப்போது பசிக்கும் என்று அதோடு கூடவே வாழ்ந்து தெரிந்துகொண்டவர்கள். விடிந்ததும் அதன் முகத்தையும் பார்த்தார்கள். தேவைக்கு மேல் பிடிக்க அவர்களுக்குத் தோன்றியதே இல்லை. பசை அட்டைக்கு இவை எதுவும் வேண்டியதில்லை. காசு இருந்தால் போதும்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது பழைய கிட்டிக்காரரின் மகனைப் பார்த்தேன். என் வயதுதான் இருக்கும். இருசக்கர வண்டியின் பின்னால் கிட்டிக் கட்டோடு போய்க்கொண்டிருந்தார். கயிறு மட்டும் நைலானாக மாறியிருந்தது. மூங்கிலும் பொரி நெல்லும் அப்படியே. வண்டியை நிறுத்தி ஒரு கிட்டியை உருவி என் கையில் கொடுத்தார். காதருகே வைத்து நாணைச் சுண்டினேன். "நல்ல மூங்கிலுங்க, இந்த வருசம் வெட்டுனது" என்றார். வேலை நிறைய இருக்கிறதா என்றேன். "இருக்குங்க. ஆனா எல்லாரும் கதிரு வந்தப்புறம்தான் கூப்புடுறாங்க. அதுக்குள்ள அது குட்டி போட்டு ஊர்பட்டது ஆயிருது. பொதி கட்டுறதுக்கு முன்னாடியே சொல்லி வுடணும். நீங்க மட்டும் கூப்புட்டாலும் பத்தாது, சுத்தி உள்ள நாலு பங்காளியும் ஒரே ராத்திரி வைக்கணும். இல்லாட்டி இங்கேருந்து அங்க போயிட்டு, நாலு நாளு கழிச்சுத் திரும்ப வந்துரும்."

சித்தப்பா மகனிடம் அன்றே சொன்னேன். அவன் கீழக்காட்டுப் பங்காளிகளைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறான். இருவர் ஒத்துக்கொண்டார்கள், ஒருவர் விஷம்தான் மலிவு என்கிறார். அவரோடு பேச நானே அடுத்த வாரம் போகிறேன்.